உலக அழிவுச் சினிமாவும் நாங்கள் தூக்கிவந்த புத்தகங்களும்

(எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை. பேச்சு நடையைப் பெரும்பாலும் மாற்றாமல் தருகிறோம்.)



வருடப் பிறப்பு அன்று உலக அழிவைப் பற்றிப் பேசலாமோ என்று சிலர் கேட்டார்கள். கைவிசேடம் வாங்கிய கையோடு இதென்ன அபசகுனம் என்று ஒரு அக்கா நேரேயே சொல்லிப்போட்டா. ஆனால் தலைவர் என்னைக் கேட்டது வளைகுடா நாடுகளில் நான் இருந்த காலத்தைப் பற்றியும், சினிமாவைப் பற்றியும் ஏதாவது பேசச் சொல்லித்தான். ஷார்ஜாவிலும் துபாயிலுமாகப் பதினெட்டு வருசம் இருந்தவன் நான். இரண்டையும் சேர்த்து யோசித்தால் எனக்கு வருகிறது இந்த விசயந்தான். என்னுடைய சமயம் சைவம். படித்தது மிஷன் பள்ளிக்கூடம். ஆகவே பைபிளைப் பற்றி நான் பேசினால் கிறிஸ்தவ நண்பர்கள் கோபிக்கக் கூடாது, சைவர்களும் முறைக்கக் கூடாது.

முதலில் ஒரு படம். வேர்னர் ஹேர்சொக் என்ற ஜேர்மன் இயக்குநர் 1992இல் எடுத்தது. தமிழில் சொன்னால் 'இருளின் பாடங்கள்' என்று வரும். ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவான படம். கதை இல்லை, நடிகர் இல்லை. குவைத்தில் எரிந்த எண்ணெய்க் கிணறுகள்தான் படம்.

உங்களில் வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1990 ஓகஸ்ட் 2ஆம் திகதி ஈராக் படை குவைத்துக்குள் போனது. வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போயிருந்த எங்கள் நாட்டுச் சனம், இந்தியச் சனம், வங்காள தேசத்துச் சனம் எல்லாம் உடுத்த உடுப்போடு ஜோர்தான் எல்லைப் பாலைவனத்தில் கூடாரங்களில் கிடந்ததுகள். இந்திய அரசாங்கம் மட்டும் அம்மானிலிருந்து ஒரு இலட்சத்து எழுபதினாயிரம் பேர்வரை விமானத்தில் ஏற்றி எடுத்தது. 1991இல் ஈராக் படை பின்வாங்கும்போது 600க்கு மேற்பட்ட கிணறுகளுக்கு நெருப்பு வைத்துவிட்டுப் போனார்கள். கடைசிக் கிணறு அணைந்தது அந்த வருடம் நவம்பர் 6ஆம் திகதி. பகலிலே இருட்டு. ஈரானில் கறுத்த மழை பெய்தது.

ஹேர்சொக் என்ன செய்தார் என்றால், அந்த இடம் குவைத் என்றே சொல்லவில்லை. வேறு ஏதோ ஒரு கிரகத்துக்கு வந்து இறங்கிய ஒருவன் பார்ப்பது போலத் தன் குரலிலே சொல்லிக்கொண்டு போகிறார். நடுவிலே பைபிளின் கடைசிப் புத்தகத்திலிருந்து வாசிக்கிறார். எங்கட புரட்டஸ்தாந்து ஆட்கள் 'வெளிப்படுத்தின விசேஷம்' என்பார்கள். 1995இல் கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் சேர்ந்து வெளியிட்ட திருவிவிலியத்தில் அதற்கு 'திருவெளிப்பாடு' என்று பெயர். படத்தின் தொடக்கத்தில் பஸ்கால் என்ற தத்துவஞானி சொன்னதாக ஒரு வரி வரும். அது பஸ்கால் சொன்னதல்ல, தானே எழுதியது என்று ஹேர்சொக் பிறகு சொல்லிவிட்டார். தத்துவஞானியின் பெயரில் கள்ளக் கையெழுத்துப் போட்ட மனிசன் வேதத்திலிருந்து வாசிக்கும்போது மட்டும் உள்ளதையே வாசிக்கிறார், பாருங்கோ.

இங்கேதான் மொழிபெயர்ப்பு வருகிறது. அந்தப் புத்தகத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் ஒரு குழி திறக்கும், அதிலிருந்து சூளைப் புகை போலப் புகை எழும்பும், சூரியன் இருண்டு போகும். எங்கள் பழைய தமிழ்ப் பைபிளில் அது 'பாதாளக்குழி'. ஆங்கிலத்தில் ஜேம்ஸ் மன்னர் காலத்து 1611 மொழிபெயர்ப்பிலும் குழிதான். ஆனால் கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லுக்குக் கிணறு என்று பொருள். லூதருடைய ஜேர்மன் பைபிளில் கிணறு என்றே இருக்கிறது. பெய்ரூத்தில் 1865இல் முடிந்த வான் டைக் அரபு பைபிளிலும் 'பிஃர்', அதாவது கிணறு. எண்ணெய்க் கிணற்றுக்கும் அரபியில் அதே சொல்தான். ஆகவே குவைத்தில் இருந்த ஒரு அரபுக் கிறிஸ்தவன் 1991இல் அந்த அதிகாரத்தைத் திறந்திருந்தால் யன்னலுக்கு வெளியே இருப்பதும் புத்தகத்தில் இருப்பதும் ஒரே சொல்லாக இருந்திருக்கும். பக்கத்து அறையில் இருந்த தமிழன் திறந்திருந்தால் குழி என்றுதான் வாசித்திருப்பான். ஒரு சொல்லில் எவ்வளவு தூரம் வித்தியாசப்படுகிறது!

படத்தின் பெயரும் சும்மா வைத்ததல்ல. கத்தோலிக்கத் திருச்சபையில் பெரிய கிழமையில் மெழுகுதிரிகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வாசிக்கிற ஒரு வழிபாடு இருந்தது. 'இருளின் பாடங்கள்' என்பது அதைக் குறிக்கிற சொல். அங்கே வாசிப்பது எரேமியாவின் 'புலம்பல்' என்ற சிறு புத்தகம். எருசலேம் எரிந்து, சனம் பாபிலோனுக்குப் போன பிறகு பாடின ஒப்பாரி அது. அகதிகளுடைய புத்தகம் என்றே சொல்லலாம்.

அந்த ஒப்பாரியில் ஒரு விசேசம். எபிரேய நெடுங்கணக்கில் 22 எழுத்து. புலம்பலின் முதல் நான்கு அதிகாரங்களும் அந்த எழுத்து வரிசையிலேயே அடியெடுத்துப் போகும். எங்கள் ஔவையார் ஆத்திசூடியை அகர வரிசையில் வைத்தது எதற்கு? பிள்ளை மறக்கக் கூடாது என்பதற்கு. புலம்பலும் அப்படித்தான் என்று நான் நினைக்கிறேன். எல்லாம் எரிந்து போன பிறகு, ஏடு இல்லாமல் நெஞ்சில் வைத்துக் கொண்டு போகத் தோதாகக் கட்டின பாட்டு. தமிழுக்கு வரும்போது பொருள் வந்தது, அந்த வரிசை வரவில்லை. லத்தீன் வழிபாட்டில் ஒவ்வொரு அடிக்கும் முன் எபிரேய எழுத்தின் பெயரையாவது பாடுவார்கள். எங்களுக்கு அதுவும் இல்லை. வருக்கக் கோவை பாடத் தெரிந்த புலவர்கள் யாழ்ப்பாணத்தில் தெருவுக்கு ஒருவர் இருந்த காலத்தில்தான் பைபிள் மொழிபெயர்ப்பு நடந்தது. ஒருவரிடமாவது புலம்பலைக் கொடுத்திருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

ஹேர்சொக்கின் படத்துக்கு வருகிறேன். பேர்லின் விழாவில் திரையிட்டபோது சனம் எழும்பிக் கத்தியது. இவ்வளவு பெரிய கொடுமையை அழகாக்கிக் காட்டுகிறாயே என்று. நான் பல வருசம் கழித்து ஒரு நண்பரின் வீட்டில் இதைப் பார்த்தேன். படம் என்னைப் பிடித்து வைத்திருந்தது, அது உண்மை. மகன்மாரைக் கண்முன்னே சித்திரவதை செய்து கொன்றதால் பேச்சு நின்றுபோன ஒரு தாய் வருகிறா. சொல்ல வாயெடுக்கிறா, சொல் வரவில்லை. பேச்சை நிறுத்திவிட்ட ஒரு சின்னப் பிள்ளையும் வருகிறது. இந்த மண்டபத்தில் இருக்கிறவர்களுக்கு நான் அதை விளக்கத் தேவையில்லை. ஆனால் பேர்லினில் கத்தினவர்கள் சொன்னதிலும் பாதி நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. காரணம் அவர்கள் சொன்ன அழகு அல்ல. நெருப்பை யார் வைத்தார்கள் என்று படம் சொல்லாது. வேத வசனத்தை மேலே போட்டவுடன் அது கடவுளின் கோபம் போல ஆகிவிடுகிறது. தீக்குச்சி உரசினவன் மெல்ல நழுவிப் போய்விடுகிறான்.

இதை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1981 மே 31ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 97,000 வரையான புத்தகங்கள். அதை 'ஊழிக்காலம்', 'விதி' என்று எழுதுகிற கவிதைகளை நான் நிறைய வாசித்திருக்கிறேன். விதி வந்து பெற்றோல் ஊற்றவில்லை. பொலிஸ்காரரும் காடையரும் சேர்ந்து கொளுத்தினார்கள். பல மொழி கற்ற பேரறிஞர் தாவீது அடிகள், புனித பத்திரிசிரியார் கல்லூரிப் பக்கத்திலிருந்து அந்த நெருப்பைப் பார்த்தபடியே விழுந்து இறந்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அவர் கத்தோலிக்கக் குருவானவர், எரிந்தவற்றில் சைவத் தமிழ் நூல்களும் இருந்தன. உயிர் போகும்போது அந்தக் கணக்கை ஆர் பார்த்தது?

சரி, இரண்டாவது படம். இது பிள்ளைகள் பார்த்திருப்பீர்கள். 'த புக் ஒவ் ஈலாய்', 2010இல் வந்தது. டென்சில் வாஷிங்டன் நடித்தது. யுத்தம் முடிந்து முப்பது வருசம். உலகம் வெறும் புழுதி. யுத்தத்துக்குக் காரணம் அந்தப் புத்தகந்தான் என்று சொல்லி பைபிள்களை எல்லாம் எரித்துவிட்டார்கள். ஒரேயொரு பிரதி மட்டும் ஈலாய் என்ற மனிதரிடம். அதைத் தூக்கிக் கொண்டு மேற்கே நடக்கிறார். வழியில் கார்னகி என்று ஒரு சண்டியன், ஒரு ஊரையே கையில் வைத்திருப்பவன், அந்தப் புத்தகத்துக்காக ஆட்களைக் கொல்லுகிறான். அவனுக்குப் பக்தி ஒன்றும் இல்லை. அந்தச் சொற்கள் கையில் இருந்தால் சனத்தை ஆளலாம் என்று அவனுக்குத் தெரியும். ஊர்ச் சண்டியர்கள் கோயில் திருவிழாவுக்குத் தலைமை தாங்குகிறதை நாங்கள் பார்க்காததா?

முடிவைச் சொல்லப் போகிறேன், பார்க்காதவர்கள் காதைப் பொத்துங்கோ. கார்னகி கடைசியில் புத்தகத்தைப் பறித்து விடுகிறான். பூட்டை உடைத்துத் திறந்தால் உள்ளே எழுத்தே இல்லை, வெறும் புள்ளிகள். கண் தெரியாதவர்கள் விரலால் தடவி வாசிக்கிற பிரெயில் எழுத்து. அவனிடம் இருக்கிற கண் தெரியாத பெண்ணிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்கிறான். பழகிக் கனகாலம், மறந்துபோச்சு என்கிறா அவ. அங்காலே ஈலாய், வெறுங்கையோடு அல்கத்ராஸ் தீவுக்குப் போய்ச் சேருகிறார். முழுப் புத்தகமும் நெஞ்சில் இருக்கிறது. ஆதியாகமத்திலிருந்து சொல்லச் சொல்ல ஒருவர் எழுதுகிறார். பிறகு அச்சடித்து ஒரு தட்டில் வைக்கிறார்கள். ஒரு பக்கத்தில் யூதருடைய வேதம், மற்றப் பக்கத்தில் குர்ஆன்.

பைபிளிலேயே ஒரு ஏலி இருக்கிறார். சிறுவன் சாமுவேலை வளர்த்த கிழ ஆசாரியர், கண் மங்கிப் போனவர். தமிழ்ப் பைபிளில் 'ஏலி' என்றும் ஆங்கிலப் படத்தில் 'ஈலாய்' என்றும் வருவதால் எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டும் ஒரே பெயர் என்று தெரிவதில்லை. கதாசிரியர் முதலிலேயே துப்புக் கொடுத்து வைத்திருக்கிறார்.

இந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு ஷார்ஜாவில் எங்கள் கொம்பனி லொறி ஓட்டிய ஒரு பாகிஸ்தான்காரர் ஞாபகம்தான் வந்தது. அவர் ஹாஃபிஸ், குர்ஆன் முழுவதும் மனப்பாடம். ஸ்டியரிங்கில் கை, வாயில் ஓதல். அரபியில் பேச அவருக்கு வராது, உருதுதான் பேசுவார். ஒருநாள் நான் கேட்டேன், பாய், பொருள் தெரியாமல் இவ்வளவையும் எப்படி வைத்திருக்கிறீங்கள் என்று. பொருள் வேறு ஆட்கள் பார்ப்பார்கள், நான் சொல்லைப் பார்த்துக் கொள்கிறேன் என்றார். வளைகுடாவில் இப்படியானவர்களுக்குப் பெரிய மரியாதை. துபாயில் 1997 முதல் குர்ஆன் மனனப் போட்டிக்கு அனைத்துலகப் பரிசே கொடுக்கிறார்கள். அதற்கொரு பழைய காரணமும் உண்டு. நபிகள் நாயகம் மறைந்து அதிக காலம் ஆகுமுன்பே யமாமா என்ற இடத்தில் நடந்த போரில் மனனம் செய்தவர்கள் பலர் மாண்டு போனார்கள். இப்படியே போனால் வேதம் என்னாவது என்று பயந்துதான் கலீபா அபூபக்கர், ஸைத் இப்னு தாபித் என்பவரிடம் தொகுக்கச் சொன்னார். பேரீச்ச மட்டையில் எழுதினது, கல்லில் எழுதினது, மனிதர் நெஞ்சில் இருந்தது எல்லாவற்றையும் திரட்டினார்கள் என்பது வரலாறு.

எங்கள் தேவாரக் கதையும் இதுதானே. சிதம்பரத்தில் பூட்டிய அறைக்குள் ஏடுகளைப் புற்று மூடிவிட்டது, இராசராச சோழனும் நம்பியாண்டார் நம்பியும் போய்த் திறந்தபோது மிஞ்சினது கொஞ்சம் என்று புராணம் சொல்லுகிறது. எழுத்துக் கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. பண்ணை எங்கே பிடித்தார்கள்? எருக்கத்தம்புலியூரில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் வழியில் வந்த ஒரு பெண்ணிடம். அந்த அம்மாவின் பெயரைக்கூட அரசர் பெயர் மாதிரிப் பெரிதாகச் சொல்லுவாரில்லை. ஹொலிவூட்காரன் இந்தக் கதையைக் கேட்டால் காசு கொடுத்து வாங்குவான்.

கத்தோலிக்க நண்பர்களிடமும் ஒன்று இருக்கிறது. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் கத்தோலிக்கக் குருமாரை விரட்டிவிட்டார்கள். யோசேவாஸ் முனிவர் 1687இல் மாறுவேசத்தில் வந்து சேரும் வரைக்கும் ஏறக்குறைய முப்பது வருசம் குரு இல்லை. படத்தில் வருகிற அதே முப்பது! மனதில் இருந்த செபங்களோடுதான் சனம் தாக்குப்பிடித்தது. அவருக்குப் பின் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் எழுதிய வியாகுலப் பிரசங்கம்தான் தலைமுறை தலைமுறையாக எழுத வாசிக்கத் தெரியாத சனத்துக்குத் தவக்காலத்து வேதம். மன்னாரிலிருந்து வந்து என்னோடு ஷார்ஜாவில் ஒரே அறையில் இருந்த ஒரு தம்பி, எட்டுப் பேர் படுக்கிற அறை அது, பெரிய வெள்ளி இரவில் போர்வைக்குள்ளே அதை ராகத்தோடு சொல்லுவான். புத்தகம் இல்லை, ஆச்சி சொல்லிக் கொடுத்தது.

இப்ப ஒரு கேள்வி. ஈலாய் காப்பாற்றினது எது? எபிரேயமும் கிரேக்கமும் அல்ல. 1611ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பு. அதாவது அந்தப் படத்தின் உலகத்தில் இனி மேல் கடவுள் பேசப்போவது ஜேம்ஸ் மன்னர் காலத்து ஆங்கிலத்தில். தமிழ்ப் பைபிள் போனது போனதுதான். அந்தத் தீவுக்கு எங்கள் ஆள் ஒருவர் போய், எனக்கும் மனப்பாடம், எழுதுங்கோ எண்டு சொன்னால் எந்தத் தமிழ் வரும்?

சண்டைதான் வரும். கடவுளுக்கு என்ன சொல் என்பதிலேயே நாங்கள் முந்நூறு வருசம் நின்றிருக்கிறோம். பழைய கத்தோலிக்கர் 'சர்வேசுரன்' என்றார்கள். பப்ரிசியஸ் 'பராபரன்' என்றார். 1871இல் பவர் ஐயர் தலைமையில் வந்த, இன்றைக்கும் அநேக வீடுகளில் இருக்கிற பைபிளில் 'தேவன்'. பிறகு வந்தவர்கள் 'கடவுள்'. பப்ரிசியசின் கதை தனியாகச் சொல்ல வேண்டியது. அவ்வளவு அழகான மொழிபெயர்ப்பைச் செய்த மனிதர் கடன்பட்டுச் சிறையிலும் இருந்தார்.

எங்கள் ஊர்க்காரர் செய்தது இடையிலே வருகிறது. 1840களில் யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷன் பேர்சிவல் பாதிரியார் தன் மாணவரையே துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளை மொழிபெயர்த்தார். அந்த மாணவர் நல்லூர் ஆறுமுக நாவலர். சென்னைக்குக் கொண்டு போய் மகாலிங்கையர் என்ற பண்டிதருக்குக் காட்டினதாகவும், பிழையில்லை என்று அவர் பாராட்டினதாகவும் நாவலர் சரித்திரத்தில் சொல்லுவினம். 1850இல் அச்சில் வந்தது. தமிழ்நாட்டுச் சபையார் ஏற்கவில்லை. பப்ரிசியசின் வசனம் காதில் ஊறிப்போன சனத்துக்கு இது அந்நியமாகப் பட்டது. அது புதினமில்லை, வேதத்தில் ஒரு சொல்லை மாற்றினால் வீட்டில் ஒரு தூணை மாற்றினது போலத்தான்.

நாவலர் அதே கையால் என்ன செய்தார்? 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அடுத்த வருடம் சென்னையிலிருந்து அச்சுயந்திரம் கொண்டுவந்தார். சைவத்தைத் தூஷித்த பாதிரிமாருக்குப் பதில் எழுதும்போது, உங்கள் பழைய ஏற்பாட்டிலேயே பலியும் தூபமும் விளக்கும் இருக்கிறதே என்று பைபிளையே எடுத்துக் காட்டினார். அதைச் சொல்லுக்குச் சொல் தெரிந்திருந்தபடியால் முடிந்தது.

ஆச்சரியம் என்னவென்றால் அதே காலத்தில் பெய்ரூத்திலும் இதே கதை நடக்கிறது. ஈலாய் சிமித் என்ற அமெரிக்கப் பாதிரியார் அரபு மொழிபெயர்ப்பைத் தொடங்குகிறார். பாருங்கோ, இங்கேயும் ஒரு ஈலாய்! நாசிப் அல்யாசிஜி, புத்ருஸ் அல்புஸ்தானி என்ற அரபு அறிஞர்கள் துணை. சிமித் 1857இல் இறந்தபின் வான் டைக் என்ற வைத்தியர் பொறுப்பெடுத்து, அரபு நடையைச் சரிபார்க்க யூசுப் அல்அசீர் என்ற முஸ்லிம் அறிஞரைச் சேர்த்துக் கொண்டார், அல்அஸ்ஹரில் படித்தவர். யாழ்ப்பாணத்தில் பைபிளின் தமிழைச் செப்பம் செய்தவர் ஒரு சைவர். பெய்ரூத்தில் அதன் அரபியைச் செப்பம் செய்தவர் ஒரு முஸ்லிம். வெள்ளைக்காரப் பாதிரிமார் பெயர்தான் அட்டையில். பஹ்ரைனிலும் குவைத்திலும் அமெரிக்க மிஷன் ஆஸ்பத்திரிகளைத் தேடிவந்த அரபுச் சனத்துக்கு வாசித்துக் காட்டினது இந்த வான் டைக் பைபிளைத்தான்.

வளைகுடாவில் வேதம் என்றால் இஸ்லாம் மட்டும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. 1992இல் அபுதாபியின் ஸர் பனியாஸ் தீவில் கிறிஸ்தவத் துறவி மடம் ஒன்றைத் தோண்டிக் கண்டுபிடித்தார்கள். ஏழாம் எட்டாம் நூற்றாண்டு. சாந்தில் வார்த்த சிலுவைகள் இருந்தன. 2022இல் உம்முல் குவைனின் சினியா தீவில் இன்னொன்று வெளிவந்தது. அந்தத் துறவிகள் கீழைத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள், அவர்களின் வேத மொழி சிரியாக். ஆறாம் நூற்றாண்டில் இலங்கையில் பாரசீகக் கிறிஸ்தவர் இருந்ததாக ஒரு கிரேக்க வியாபாரி எழுதி வைத்திருக்கிறார். அவர்களும் இதே திருச்சபைதான். அநுராதபுரத்தில் 1912இல் கிடைத்த கற்சிலுவையை அவர்களுடையது என்றுதான் பலரும் கருதுகிறார்கள். நாங்கள் வேலை தேடிப் போன அதே கடல்வழியால் அவர்கள் வேதத்தோடு வந்திருக்கிறார்கள்.

அங்கே சினிமாத் தணிக்கை வேறு கதை. 2014இல் வந்த 'நோவா' படத்தை அமீரகம், கட்டார், பஹ்ரைன் மூன்றும் தடை செய்தன. நோவா இஸ்லாத்திலும் நபி, நபிமாரை நடிகர் நடித்துக் காட்டக் கூடாது. அதே வருடக் கடைசியில் மோசேயின் கதையான 'எக்ஸோடஸ்' படத்தையும் அமீரகம் விடவில்லை. அதே அமீரகத்தில்தான் 2023இல், சாதியாத் தீவில், பள்ளிவாசல், தேவாலயம், யூத ஆலயம் மூன்றையும் ஒரே வளவுக்குள் கட்டித் திறந்தார்கள். படத்தின் கடைசிக் காட்சியில் மூன்று புத்தகமும் ஒரே தட்டில் இருந்தது ஞாபகம் வருகிறதா? இங்கே கட்டடமாகவே நிற்கிறது. வெள்ளிக்கிழமையில் தமிழ்ப் பூசையும் தமிழ் ஆராதனையும் நடக்கிற தேவாலயங்கள் துபாயில் இருந்தன, 2022இல் வார விடுமுறை சனி ஞாயிறாக மாறும் வரைக்கும் எங்களுக்கு வெள்ளிதான் ஓய்வு நாள். கட்டட வேலைக்காரர் முகாமிலிருந்து வான் பிடித்து வந்து நிற்பினம். பக்கத்து நாடான சவூதியில் தேவாலயமே கிடையாது. அங்கே வேலை செய்தவர்கள் அறைக்குள்ளே சத்தமில்லாமல் செபித்த கதைகளை இந்த மண்டபத்திலேயே சிலர் சொல்லலாம்.

நான் முடிக்க வேண்டும், தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். ஆனால் கார்னகி புத்தகத்தைத் திறக்கிற காட்சியைப் பற்றி ஒன்று சொல்லாமல் போகமாட்டேன். கையில் புத்தகம் இருக்கிறது, வாசிக்க முடியவில்லை. முகத்தில் அந்த ஏமாற்றம். எனக்கு அந்த வில்லனிலே கோபம் வரவில்லை. என் சொந்த வீட்டுப் பிள்ளைகள்தான் கண்ணில் வந்தார்கள். என் அலுமாரியில் நாலு தட்டுத் தமிழ்ப் புத்தகம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்திலிருந்து இலட்சக்கணக்கான சனம் மழையில் வெளிக்கிட்டபோது என் தமையன் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்த புத்தகங்களும் அதில் இருக்கின்றன. பேரப்பிள்ளை எடுத்துப் பார்க்கிறான், வளைவு வளைவாக இருக்கு எண்டு சொல்லி வைக்கிறான். அவனுக்கு அது பிரெயில். எனக்குப் பிறகு அதைத் தடவிப் பார்க்க வீட்டில் விரல் இல்லை.

ஏட்டை வைத்திருப்பது இப்போது முன்பைவிடச் சுலபம். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறது, யாரும் காசில்லாமல் வாசிக்கலாம். எங்கள் அல்கத்ராஸ் அதுதான். பண்தான் கிடைக்காது. அந்த எருக்கத்தம்புலியூர் அம்மா போல இங்கே இன்றைக்கு எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். மூன்றாவது வரிசையில் இருக்கிற ஐயாவுக்குக் கந்தபுராணம் பயன் சொல்லிப் படிக்கத் தெரியும். அவருக்குப் பின்னால் இருக்கிற அன்ரிக்கு வியாகுலப் பிரசங்கத்தில் இரண்டு பிரசங்கம் ராகத்தோடு வரும், போன வருசம் ஒரு செத்தவீட்டில் கேட்டேன். கூத்துப் பாட்டு முழுதாகத் தெரிந்த அண்ணாவியார் ஒருவரும் இருக்கிறார், அவருக்கு இப்போது காது கேட்காது, குரல் அப்படியே இருக்கிறது.

செயற்குழுவிடம் நான் கேட்டிருக்கிறேன், ஒப்புக்கொண்டும் இருக்கிறார்கள். வைகாசி முதல் மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சங்கத்தின் சின்ன அறையில் ஒலிப்பதிவு. பிள்ளைகளே, மெசினை இயக்குவது நீங்கள், எங்களுக்கு அது பிடிபடாது. பதியும்போது சொல்லுகிறவரின் ஊர், யாரிடம் படித்தது என்பதையும் கேட்டு எழுதவேணும். சமயம் பார்க்கப் போவதில்லை, தேவாரமோ, சங்கீதமோ, சூராவோ, தாலாட்டோ எதுவென்றாலும் வரலாம். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் வாசலில் மேசையில் இருக்கிற தங்கச்சியிடம் கொடுங்கோ. வரமுடியாத வயோதிபர் இருந்தால் விலாசத்தைச் சொல்லுங்கோ, நாங்கள் வீட்டுக்கு வருகிறோம்.